தரிசு என்று ஒரு சொல்

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் செய்த ஒரு மொழிபெயர்ப்பைப் பற்றி இதுவரை எங்கும் எழுதியதில்லை. அது இலக்கிய மொழிபெயர்ப்பு அல்ல. காவிரிப் படுகையில் எரிவாயுக் கிணறுகள் சிலவற்றைத் தோண்டி, அவற்றைக் குழாய்களால் இணைக்கும் திட்டமொன்றின் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைச் சுருக்கம். அத்தகைய சுருக்கத்தை அந்தந்தப் பகுதியின் மொழியிலும் மக்களுக்கு அளித்தாக வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டின் மத்திய அரசு அறிவிக்கை வகுத்த விதி. என்னிடம் படித்த மாணவர் ஒருவர் ஆலோசனை நிறுவனமொன்றில் பணியாற்றிவந்தார். "தமிழ் நல்லா இருக்கணும் ஐயா, அதான் உங்ககிட்ட வந்தேன்" என்று கோப்பைக் கொடுத்துவிட்டுப் போனார். பக்கத்துக்கு 200 ரூபாய். விடைத்தாள் திருத்தி முடித்த களைப்போடு நான்கு இரவுகளில் அதை முடித்தேன்.

அதில் ஒரு வாக்கியம். குறிப்பிட்ட சில வயல்கள் ஆண்டின் ஒரு பகுதியில் சாகுபடியின்றிக் கிடக்கின்றன, அங்கே நிலைத்த குடியிருப்பு இல்லை என்பது ஆங்கில மூலத்தின் பொருள். நான் அதைச் சுருக்கி, ஓசை பார்த்து, 'குடியிருப்போ பயன்பாடோ அற்ற தரிசு நிலம்' என்று எழுதினேன். வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டதாக எனக்கு ஒரு நிறைவும் இருந்தது.

கருத்துக்கேட்புக் கூட்டம் ஒரு திருமண மண்டபத்தில் நடந்தது. என் தமிழை மக்கள் எப்படி வாங்கிக்கொள்கிறார்கள் என்று பார்க்கும் ஆசையில் நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தலைப்பாகை கட்டிய முதியவர் ஒருவர் எழுந்தார். இராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஆட்டுக்கிடையோடு வரும் கீதாரி. "தரிசுன்னு எழுதியிருக்கீக. தை கழிஞ்சா எங்க ஆடு அங்கனதான் கெடக்கு. எங்க அப்பன் காலத்துலேருந்து கெடக்கு" என்றார். மேடையிலிருந்து பட்டா எண் கேட்டார்கள். அவரிடம் பட்டா இல்லை. குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவர் பேனாவை மேசைமேல் வைத்ததை நான் பார்த்தேன். அந்தச் சொல்லை எழுதியவன் நான்தான், அது பிழை என்று எழுந்து சொல்லியிருக்கலாம். நான் எழவில்லை.

*

எட்மண்டனில் குடியேறிவிட்ட கல்லூரித் தோழர் ஒருவரிடம் பிறகொரு நாள் தொலைபேசியில் இதைச் சொன்னேன். அவர் பதில் ஏதும் சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு பழைய புத்தகம் அஞ்சலில் வந்தது. 1977இல் கனடா அரசு வெளியிட்ட விசாரணை ஆணைய அறிக்கை அது. அறிக்கைகள் எனக்கு அலுப்பூட்டுபவை. இதையோ ஒரு நாவலைப்போலப் படித்தேன். அதன் தலைப்பே ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கல். தமிழில் சொல்வதானால் 'வடக்கின் எல்லைப்புறம், வடக்கின் தாயகம்'. இடையில் 'அல்லது' இல்லை, 'எதிர்' இல்லை. ஒரே நிலத்துக்கு இரண்டு பெயர்கள், ஒரு காற்புள்ளியால் பிரிக்கப்பட்டு அருகருகே நிற்கின்றன. எண்ணெய் நிறுவனங்களுக்கு அது எட்டிப்பிடிக்க வேண்டிய எல்லைப்புறம். அங்கே வாழ்பவர்களுக்கு வீடு.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1968இல் அலாஸ்காவின் வடகரையில், ஆர்க்டிக் பெருங்கடலை ஒட்டிய புரூடோ விரிகுடாவில், வட அமெரிக்காவின் மிகப் பெரிய எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. எண்ணெயோடு ஏராளமான இயற்கை எரிவாயுவும் இருந்தது. எண்ணெயை அலாஸ்காவுக்குக் குறுக்கே குழாய் பதித்துத் தென்கரைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக முடிவாயிற்று. எரிவாயுவை என்ன செய்வது? இரண்டு வழிகள் முன்வைக்கப்பட்டன. ஒன்று, எண்ணெயைப் போலவே அதையும் தென்கரைக்குக் கொண்டுபோய், கடுங்குளிரூட்டித் திரவமாக்கி, கப்பலில் ஏற்றிக் கலிபோர்னியாவுக்கு அனுப்புவது. எல் பாசோ என்ற நிறுவனத்தின் திட்டம் இது. மற்றொன்று, கப்பலே வேண்டாம், தரைவழியாகவே கொண்டுபோகலாம் என்பது. அலாஸ்காவிலிருந்து கனடாவின் யூக்கான் வடகரை வழியாக மெக்கன்சி ஆற்றின் கழிமுகத்துக்கு வந்து, அங்கே கண்டறியப்பட்டிருந்த எரிவாயுவையும் சேர்த்துக்கொண்டு, ஆற்றுப் பள்ளத்தாக்கின் வழியே தெற்கே இறங்கும் 48 அங்குலக் குழாய். பெரும் நிறுவனங்கள் பல சேர்ந்த கனடியன் ஆர்க்டிக் கேஸ் என்ற கூட்டமைப்பு 1974இல் இதற்கு விண்ணப்பித்தது. தனியார் முதலீட்டில் உலகில் அதுவரை எங்கும் திட்டமிடப்பட்டவற்றுள் மிகப் பெரியது அது என்றார்கள்.

வரைபடத்தில் ஒரு கோடுதானே என்று தோன்றும். 120 அடி அகலப் பாதை. இத்தனை பெரிய வெளியில் அது ஒரு நூலிழை என்பதுதான் நிறுவனங்களின் வாதமும். ஆனால் அந்த இழையைப் பதிக்க வடக்குப் பகுதியில் மட்டும் 6000 கட்டுமானத் தொழிலாளர்கள் வேண்டும். குழாய் 600 ஆறுகளையும் ஓடைகளையும் கடக்க வேண்டும். சரளைக்கல்லுக்காக 130 இடங்களில் தோண்ட வேண்டும். ஒன்று போனால் அதன் அருகிலேயே எண்ணெய்க் குழாயும் போகும் என்று அரசின் 1972ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளே எதிர்பார்த்தன. நூலிழை என்பது ஓர் உவமை. உவமைகளைக் கவனமாகக் கையாள வேண்டும் என்பதை என் தொழிலில் இருப்பவன் அறிந்திருக்க வேண்டும்.

மண்ணும் எளியதல்ல. அங்கே மேல்தோல் மட்டும் கோடையில் சில அடி ஆழம் இளகும். அதன்கீழ் ஆண்டு முழுதும் உறைந்தே கிடக்கும் நிலம். வெப்பமான குழாயைப் புதைத்தால் அந்த உறைநிலம் உருகிச் சேறாகும். ஆகவே எரிவாயுவை நீரின் உறைநிலைக்குக் கீழே குளிரூட்டி அனுப்புவது என்று பொறியாளர்கள் முடிவு செய்தார்கள். வடக்கே அது சரி. தெற்கே போகப்போக உறைநிலம் தொடர்ச்சியாக இல்லை. இடையிடையே உறையாத ஈரமண் வரும். குளிர்ந்த குழாய் அந்த ஈரத்தை உறையவைக்கும். உறையும் இடத்தை நோக்கிச் சுற்றியுள்ள நீர் நகர்ந்து வந்து தானும் உறையும். பனிக்கட்டி அடுக்கடுக்காகத் திரண்டு குழாயை மேல்நோக்கி நெம்பும். ஒரு சிக்கலுக்குக் கண்ட தீர்வே அடுத்த சிக்கலாகிறது. மேலே மண்ணைக் குவித்து அழுத்தினால் போதும் என்றது நிறுவனம். விசாரணை முடியும் தறுவாயில், தங்கள் ஆய்வகக் கருவியிலேயே ஒரு கோளாறு இருந்ததென்றும், நெம்பும் விசையைக் குறைவாகக் கணித்துவிட்டோமென்றும் அவர்களே வந்து ஒப்புக்கொள்ள நேர்ந்தது. நிபுணர்களும் பிழை செய்வார்கள் என்பதைவிட, அந்தப் பிழை வெளியே வரும்வரை காத்திருக்க ஒரு விசாரணைக்குப் பொறுமை இருந்தது என்பதுதான் எனக்கு வியப்பாக இருந்தது.

*

அந்தப் பொறுமைக்கு உரியவர் நீதிபதி தாமஸ் பெர்ஜர். 1974 மார்ச்சில் கனடா அரசு அவரை விசாரணைக்கு அமர்த்தியபோது அவருக்கு நாற்பத்தோரு வயது ஆகவிருந்தது. அதற்குமுன் வழக்கறிஞராக நிஸ்கா பழங்குடியினருக்காக நில உரிமை வழக்கொன்றை நடத்தி, உச்ச நீதிமன்றம்வரை கொண்டுசென்றவர். விசாரணைக் கூடத்தை எங்கே அமைப்பது என்பதுதான் முதல் கேள்வி. எல்லோநைஃப் நகரில் நிபுணர்களுக்கான முறையான அமர்வுகள் நடந்தன. ஆனால் அதோடு அவர் நிற்கவில்லை. பழங்குடி அமைப்புகளும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் தங்கள் தரப்பை ஆராய்ந்து வாதிடுவதற்கு அரசே பணம் தர வேண்டும் என்று வலியுறுத்திப் பெற்றுத்தந்தார். பிறகு தானே ஊர் ஊராகப் புறப்பட்டார். 35 ஊர்கள். சமூகக் கூடங்கள், கூடம் இல்லாத இடத்தில் மீன்பிடி முகாம்கள். வேட்டைக்கோ மீன்பிடிப்புக்கோ மக்கள் போகும் பருவத்தில் கூட்டம் வைப்பதில்லை. பேச விரும்பும் கடைசி ஆள் பேசி முடிக்கும்வரை எழுவதில்லை. ஏறத்தாழ ஆயிரம் பேர் அந்த ஊர்க்கூட்டங்களில் பேசினார்கள்.

அவர்கள் தங்கள் மொழியில் பேசினார்கள் என்பதை இங்கே சற்று நிறுத்திச் சொல்ல வேண்டும். அந்தப் பகுதியில் டெனே மக்களின் மொழிகளே பல. வடகரையில் இனுவிட் மொழி. கனடா ஒலிபரப்பு நிறுவனத்தின் வடக்குப் பிரிவு, விசாரணையோடு ஒரு குழுவை அனுப்பியது. ஆங்கிலத்துக்கு விட் ஃபிரேசர், லூஷூ மொழிக்கு ஜிம் சிட்டிச்சின்லி, ஸ்லேவி மொழிக்கு லூயி பிளாண்டின், டோக்ரிப், சிப்பேவையன் மொழிகளுக்கு ஜோ டோபி, இனுவிட் மொழிக்கு ஏப் ஓக்பிக். அன்றன்று பேசப்பட்டதை வானொலியில் ஐந்தாறு மொழிகளில் சொன்னார்கள். ஓர் ஊரில் ஒரு கிழவி சொன்னது நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் இன்னொரு ஊரின் அடுக்களையில் அவர்கள் மொழியிலேயே கேட்டது. அடுத்த ஊர்க்காரர்கள் அதைக் கேட்டுவிட்டு, அதற்கு மேல் தாங்கள் சொல்ல வேண்டியதை யோசித்து வைத்துக்கொண்டு நீதிபதிக்காகக் காத்திருந்தார்கள்.

ஏப் ஓக்பிக்கைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. இனுவிட் மக்களுக்குக் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் இல்லை, ஒரே பெயர்தான். அது நிர்வாகத்துக்கு வசதியாக இல்லாததால், 1940களிலிருந்து அரசு ஒவ்வொருவருக்கும் ஓர் எண் பொறித்த சிறு வட்டை அளித்தது. கழுத்தில் கட்டிக்கொள்ளலாம், கடிதங்களில் எழுத வேண்டும். அந்த எண்களுக்குப் பதிலாகப் பெயர்களை எழுதும் பணி 1960களின் இறுதியில் தொடங்கியபோது, ஊர் ஊராகச் சென்று மக்களிடம் கேட்டுப் பெயர்களைப் பதிந்தவர் இந்த ஓக்பிக்தான். எண்ணாக இருந்தவர்களைப் பெயராக்கிய மனிதர், சில ஆண்டுகள் கழித்து அவர்கள் சொல்லை வானொலியில் சுமந்துசென்றார். மொழிபெயர்ப்பாளன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். என் நான்கு இரவுகள் நினைவுக்கு வந்தன.

*

மெக்கன்சி ஆற்றுக்குக் கிழக்கே விரிந்துகிடக்கும் மரமற்ற பெருவெளிக்கு வெள்ளையர் வரைபடங்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? தமிழில் அதைப் பெயர்த்தால், 'தரிசு நிலங்கள்'. இடக்குறிப்பாக அல்ல, நிலப்பகுதியின் பெயராகவே அது நிலைத்துவிட்டது. மரம் இல்லை, பயிர் இல்லை, ஆகவே தரிசு. அந்தத் 'தரிசில்' ஆண்டுதோறும் லட்சக்கணக்கான கரிபு மான்கள் குளிர்காலக் காட்டுக்கும் கோடைகாலச் சமவெளிக்கும் இடையே நடந்துகொண்டிருந்தன. அவற்றை நம்பி மனிதர்கள் பல ஆயிரம் ஆண்டுகளாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

விசாரணைக்கு டெனே மக்கள் தங்கள் சொந்த வரைபடங்களைக் கொண்டுவந்தார்கள். ஃபீபி நஹானி என்ற டெனே பெண்மணியின் தலைமையில் இளைஞர்கள் முதியவர்களிடம் போய் உட்கார்ந்து, அவரவர் வாழ்நாளில் பொறி வைத்த தடங்களையும் வேட்டைக்குப் போன வழிகளையும் கோடுகளாக வரைந்து வாங்கினார்கள். ஒவ்வொருவரின் கோடும் தனித்தனியே மெல்லியது. எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தபோது வெற்றிடம் என்று ஒன்று மிஞ்சவில்லை. குழாய் நிறுவனத்தின் வரைபடத்தில் ஒரு கோடும் சுற்றிலும் வெண்மையும். மக்களின் வரைபடத்தில் எல்லாமே கோடுகள். ஆற்றுக்கும் அவர்களிடம் வேறு பெயர். 1789இல் அதன் வழியே பயணம் செய்த ஸ்காட்லாந்துக்காரரின் பெயர் அது அல்ல. டேச்சோ, பேராறு. கழிமுகத்தின் இனுவியலுயிட் மக்களும் தங்கள் மொழியில் அதைப் பெரிய ஆறு என்றே அழைக்கிறார்கள். கரையில் நிற்பவன் அதற்கு வேறு என்ன பெயர் வைப்பான்?

நான் ஆண்டுதோறும் முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு அகப்பொருள் இலக்கணம் நடத்துபவன். முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று கரும்பலகையில் எழுதாத ஆண்டில்லை. நிலமும் பொழுதும் முதல். தெய்வம், விலங்கு, பறவை, உணவு, தொழில் கரு. மனித மனத்துக்கு அங்கே நிகழ்வது உரி. திட்ட அறிக்கைகள் முதலை அளக்கின்றன. விதி கட்டாயப்படுத்துவதால் கருவில் கொஞ்சம் பட்டியலிடுகின்றன. உரி என்ற தலைப்பே அவற்றில் இல்லை. இன்னொன்றும் உறுத்தியது. நம் இலக்கணிகள் பாலையைக்கூட வெற்றிடமாக விடவில்லை. வெயில் வறுத்த அந்த வழிக்கும் கொற்றவை உண்டு, எயினர் உண்டு, பருந்து உண்டு, யாழும் பண்ணும் உண்டு. தரிசு என்றொரு திணை தமிழில் இல்லை. இது தெரிந்தும் நான் அந்தச் சொல்லை எழுதினேன்.

1975 ஆகஸ்டில் ஃபோர்ட் குட் ஹோப் என்ற ஊரில் நடந்த அமர்வு மிகவும் பேசப்பட்டது. போட்டி நிறுவனமான ஃபூட்ஹில்ஸின் தலைவர் நேரிலேயே வந்து அமர்ந்திருந்தார். ஊரின் இளம் தலைவர் ஃபிராங்க் ட்சேலே அவரைப் பார்த்தே பேசினார். இந்தக் குழாய் தம் மக்களை முடித்துவிடும் என்றும், இன்னும் பிறக்காத தம் குழந்தையின் பொருட்டு அதைத் தடுக்கப்போவதாகவும் சொன்னார். அதற்கு முந்தைய மாதம்தான் டெனே மக்கள் ஃபோர்ட் சிம்சனில் கூடித் தாங்கள் ஒரு தேசிய இனம் என்று பிரகடனம் செய்திருந்தார்கள்.

அறிக்கை 1977 மே மாதம் வெளியானது. யூக்கானின் வடகரையில் எக்காலத்திலும் குழாய் கூடாது என்றார் பெர்ஜர். போர்க்குப்பைன் மந்தை எனப்படும், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கரிபு மான்கள் கன்று ஈனும் இடம் அது. மெக்கன்சி பள்ளத்தாக்கைப் பொறுத்தவரை அவர் அப்படிச் சொல்லவில்லை. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அங்கே தக்க பாதுகாப்புகளோடு குழாய் பதிக்க முடியும், ஆனால் இப்போது கூடாது, பத்தாண்டு பொறுங்கள், முதலில் அந்த மக்களோடு நில உரிமை உடன்பாடுகளை முடியுங்கள் என்றார். அதாவது அவர் கேட்டது மறுப்பு அல்ல, வரிசை மாற்றம். குழாய் முதலில், மனிதர் பிறகு என்று இருந்ததைத் திருப்பி வைத்தார். இரண்டு மாதம் கழித்துத் தேசிய எரிசக்தி வாரியமும் ஆர்க்டிக் கேஸின் விண்ணப்பத்தை நிராகரித்தது. 1984இல் யூக்கான் வடகரையில் இப்போது இவ்வாவிக் எனப்படும் தேசியப் பூங்கா அமைந்தது.

*

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். நல்ல நீதிபதி, தீய நிறுவனம், வென்ற மக்கள் என்று மாணவர்களுக்குச் சொல்லிவிடலாம். வாழ்க்கை அப்படி நடப்பதில்லை.

உடன்பாடுகள் ஒவ்வொன்றாக வந்தன. இனுவியலுயிட் மக்களுடன் 1984இல், குவிச்சின் மக்களுடன் 1992இல், சாஹ்து டெனே மக்களுடன் 1993இல். தென்பகுதியான டேச்சோவில் மட்டும் நெடுங்காலம் இழுத்துக்கொண்டே போயிற்று. 2000ஆம் ஆண்டில், முன்பு எதிர்த்த சமூகங்களே சேர்ந்து பழங்குடிக் குழாய்க் குழு என்ற அமைப்பை உருவாக்கின. புதிதாக வரும் மெக்கன்சி எரிவாயுத் திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு உரிமை வேண்டும் என்று கேட்டுப் பெற்றன. பெர்ஜர் விசாரணைக் காலத்தில் இளைஞராக ஊர்க்கூட்டங்களை ஒருங்கிணைத்த ஸ்டீபன் காக்ஃவி, வடமேற்குப் பிரதேசங்களின் முதல்வரானபோது அந்தத் திட்டத்தை ஆதரித்தார்.

முதல் வாசிப்பில் இது எனக்குக் கசந்தது. விலைபோய்விட்டார்கள் என்று எண்ணினேன். பிறகு புரிந்தது: நான் அவர்களை என் அறச்சீற்றத்துக்கான பாத்திரங்களாக்கப் பார்த்திருக்கிறேன். 1975இல் அவர்கள் வேண்டாம் என்றதும், 2000இல் பங்கு கேட்டதும் ஒரே உரிமையின் இரண்டு வெளிப்பாடுகள். தீர்மானிப்பவர் யார் என்பதே கேள்வி. வேண்டாம் என்று சொல்ல முடிந்தவன் சொல்லும் 'சரி'க்குத்தான் பொருள் உண்டு.

2004இல் முறையான விண்ணப்பம் தாக்கலானது. இம்பீரியல் ஆயில் முன்னின்றது. 1196 கிலோமீட்டர்க் குழாய். கூட்டு ஆய்வுக் குழுவின் அறிக்கை 2009 டிசம்பரில்தான் வந்தது, 176 பரிந்துரைகள். 2011இல் மத்திய அமைச்சரவை அனுமதியும் கிடைத்தது. அதற்குள் தெற்கே களிமண் பாறையை உடைத்து எரிவாயு எடுக்கும் முறை பரவி, விலை சரிந்துவிட்டது. 1600 கோடி டாலருக்கு மேல் செலவு பிடிக்கும் குழாயை அந்த விலையில் யார் பதிப்பார்கள்? 2017 டிசம்பரில் திட்டம் கைவிடப்பட்டதாக அறிவித்தார்கள். எதிர்த்தபோது மக்களின் சொல் குழாயை நிறுத்தியது. ஏற்றபோது சந்தை அதை நிறுத்தியது. பங்கு கேட்டவர்களின் கையில் பங்கு இருந்தது, குழாய் இல்லை.

*

அதே 2017 டிசம்பரில், ஆர்க்டிக்கின் மறுபக்கத்தில் ஒரு கப்பல் புறப்பட்டது. ரஷ்யாவின் யமல் தீபகற்பத்தில், ஓப் ஆற்றின் கழிமுக வளைகுடாக் கரையில், சபெட்டா என்ற துறைமுகம். 2012இல் கட்டத் தொடங்கியபோது அங்கே நிலவியலாளர்களின் பழைய முகாம் ஒன்றுதான் இருந்தது. அருகிலுள்ள தெற்குத் தம்பேய் வயலின் எரிவாயுவைக் குழாய்களில் கொண்டுவந்து, திரவமாக்கி, கப்பலில் ஏற்றுகிறார்கள். மூன்று பெரிய திரவமாக்கும் பிரிவுகள்; ஆண்டுக்கு 165 லட்சம் டன் என்பது திட்டமிட்ட அளவு. செலவு 2700 கோடி டாலர். உறைநிலத்தில் ஆயிரக்கணக்கான தூண்களை இறக்கி, அடிமண் இளகாதபடி குளிரூட்டி, அவற்றின்மேல் ஆலையை நிறுத்தியிருக்கிறார்கள். வளைகுடா ஆழமற்றது, கப்பல் வரக் கால்வாய் தோண்டினார்கள். ஆண்டின் பெரும்பகுதி அது உறைந்துகிடப்பதால், இரண்டு மீட்டர் தடிப்புப் பனியைத் தானே உடைத்துக்கொண்டு போகும் பதினைந்து எரிவாயுக் கப்பல்களைத் தென்கொரியாவில் கட்டினார்கள். அவற்றுள் முதலாவதான கிறிஸ்தோஃப் டி மார்ஜெரி, ரஷ்ய அதிபரின் முன்னிலையில் முதல் சரக்கை ஏற்றியது. பொறியியல் சாதனை என்ற அளவில் அதை வியக்காமல் இருக்க முடியாது. மெக்கன்சியில் தாளிலேயே நின்றுபோன கணக்குகள் பலவற்றை இங்கே மண்ணிலும் பனியிலும் தீர்த்துக் காட்டியிருக்கிறார்கள்.

அந்தத் தீபகற்பத்தின் பெயர் அங்கே வாழும் நெனெட்ஸ் மக்களின் மொழியில் அமைந்தது. 'யா' என்றால் நிலம், 'மால்' என்றால் முடிவு. நிலத்தின் முடிவு. அவர்கள் பனிமான் மேய்ப்பவர்கள். குளிர்காலத்தில் தெற்கே காட்டோரம், கோடையில் வடக்கே கடலோரம் என்று மந்தையோடு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடப்பவர்கள். தீபகற்பத்தின் மேற்கே பவனென்கோவோ எரிவாயு வயலுக்காகப் போட்ட சாலைகளையும் தண்டவாளத்தையும் குழாய்களையும் மந்தைகள் கடக்க வேண்டியிருக்கிறது. மானின் குளம்பும் சறுக்குவண்டியும் சரளையில் தேயாதிருக்க, சாலைக்குக் குறுக்கே துணி விரித்து, வண்டிகளை நிறுத்தி வழிவிடுகிறார்கள். 2013 நவம்பரில் பனிமேல் மழை பெய்து, இறுகிய பனிப்பாளத்தின் அடியில் மேய்ச்சல் சிக்கிக்கொண்டு, அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மான்கள் பட்டினியில் செத்தன. அப்படிப்பட்ட காலத்தில் மந்தையை வேறு வழியில் ஓட்ட இடம் வேண்டும். மேய்ப்பவனுக்கு வெற்றிடம் என்பது நாளைய மேய்ச்சல்.

யமலில் கூட்டங்களே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. நடந்தன, இழப்பீடுகளும் வீடுகளும் பள்ளிகளும் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அங்கே நிலத்தடிச் செல்வம் அரசுடையது. மேய்ப்பவர்களின் வாக்கால் திட்டம் நிற்கக்கூடும் என்ற நிலையில் அந்தக் கூட்டங்கள் நடக்கவில்லை. எப்படிக் கடப்பது என்று அவர்களிடம் கேட்டார்கள். கட்டலாமா என்று கேட்பது வேறு வினா. தமிழில் இரண்டுக்கும் 'கருத்துக் கேட்டல்' என்றே சொல்கிறோம்.

புரூடோ விரிகுடாவின் எரிவாயு இன்றும் பெரும்பாலும் மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. எண்ணெயோடு மேலே வருவதைத் திரும்பவும் நிலத்துக்குள்ளேயே செலுத்துகிறார்கள். ஏறத்தாழ 1300 கிலோமீட்டர்க் குழாய் பதித்து, அலாஸ்காவின் தென்கரையில் நிகிஸ்கி என்ற இடத்தில் ஏற்றுமதித் துறைமுகம் கட்டும் திட்டத்துக்கு 2020இல் அமெரிக்க எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் ஒப்புதல் தந்தது. அரை நூற்றாண்டுக்கு முந்தைய கப்பல் வழிக் கனவு வேறொரு வடிவில் மீண்டும் மேசைக்கு வந்துவிட்டது. திட்டங்கள் சாவதில்லை போலும். அவை உறைநிலத்தில் கிடந்து, விலை ஏறும்போது இளகி எழுகின்றன.

*

பெர்ஜர் 2021 ஏப்ரலில், தமது எண்பத்தெட்டாம் வயதில் காலமானார்.

நான் மொழிபெயர்த்த அந்தத் திட்டமும் நடக்கவில்லை. 2020இல் காவிரிப் படுகை பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டமானபின் அதைப் பற்றிய பேச்சே இல்லை. நண்பர்கள், பிறகென்ன, உங்கள் பிழையால் யாருக்கும் நட்டமில்லையே என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தத் திட்டம் நின்றது கீதாரியின் சொல்லால் அல்ல. அவர் சொல் அந்த மண்டபத்தில் பதிவாகவே இல்லை. வேறொரு நாள் வேறொரு திட்டம் வரும்போது பழைய கோப்பைத் திறந்து பார்ப்பவர்களுக்கு என் வாக்கியம்தான் கிடைக்கும்: 'குடியிருப்போ பயன்பாடோ அற்ற தரிசு நிலம்.'

போன மாசியில், அறுவடை கழிந்த அந்த வயல்களுக்குப் போனேன். கிடை போட்டிருந்தார்கள். நான் பார்த்த முதியவர் இல்லை. இப்போது அவருடைய மருமகன் வருகிறார். நான் யார் என்று சொன்னேன், எழுதிய சொல்லையும் சொன்னேன். அவர் சிரித்தார், "அதுக்கென்னங்க" என்றார். ஒவ்வொரு வயல்தொகுதியையும் காட்டி அதன் பெயரைக் கேட்டேன். வரப்பில் நின்றபடி, கம்பை நீட்டி நீட்டிச் சொல்லிக்கொண்டே போனார். அரை மணி நேரம் எழுதினேன். ஆடுகள் நகரத் தொடங்கியதும் அவர் போய்விட்டார். குறிப்பேட்டில் முப்பத்தொரு பெயர்கள் இருக்கின்றன. பாதிதான் ஆயிற்று என்றார். அடுத்த தையில் மீதியைக் கேட்க வேண்டும்.